விறகு யாருக்கு?

மரம் வெட்ட ஆள் கூப்பிட்டால் முதல் பேச்சு மரத்தைப் பற்றி இருக்காது. "விறகை நீங்க வச்சுக்கிறீங்களா, நாங்க எடுத்துக்கிறதா?" என்பதுதான் மேஸ்திரியின் முதல் கேள்வி. வேம்பு, புளி, வாகை, தேக்கு என்றால் வெட்ட வந்தவர் கைக்காசு கொடுத்துக்கூட எடுத்துப் போவார். குல்மோகர், முருங்கை, நெட்டிலிங்கம் என்றால் வீட்டுக்காரர்தான் கூலி தரவேண்டும். தழையை அள்ளிப் போக வண்டி வாடகை தனி. மாமரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பக்கத்தில் பழப்பெட்டி அடிக்கும் பட்டறை இருந்தால் அதற்கொரு விலை, இல்லாவிட்டால் வேறொரு விலை.

இந்தப் பேரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மரத்தின் மிச்ச ஆயுளும் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. விறகே கூலி என்று பேசிவிட்டால், காய்ந்த கொப்பையும் உரசுகிற கிளையையும் மட்டும் கழித்துவிட்டு இறங்குவது எந்த மேஸ்திரிக்கும் கட்டுப்படியாகாது. தடித்த வாதில் கை வைத்தால்தான் வண்டி நிறையும். "மொட்டை அடிச்சு விட்டுடுங்க, இன்னும் மூணு வருஷத்துக்கு இந்தத் தொல்லை கூடாது" என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டால் அப்புறம் கேட்கவே வேண்டாம்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு வெட்ட மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு நகரத்தில் பலருக்கு உண்டு. அவர்களோடு ஒரு காலைப் பொழுது நின்று பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் அந்த நினைப்பு நிற்காது. எந்தக் கிளை ஆளைத் தாங்கும், எது முறியும், எந்தப் பொந்தில் என்ன குடியிருக்கும், எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தெரிந்தபடி வேலை செய்ய விடாமல் தடுப்பது கூலிக் கணக்கு.

ஏறுமுன்

மரத்தடிக்கு வந்ததும் அனுபவப்பட்ட ஆள் உடனே ஏறிவிட மாட்டார். டீ, வெற்றிலை, பீடி என்று ஏதோ ஒரு சாக்கில் கால் மணி நேரம் கீழேயே நிற்பார். வீட்டுக்காரருக்கு அது சோம்பலாகத் தெரியும். பொந்துக்குள் எது போகிறது, எது வருகிறது என்பது அந்தக் கால் மணி நேரத்தில்தான் பிடிபடும்.

முதல் எதிரி முசுறு. மா, நாவல், கொய்யா என்று எதையும் விட்டுவைக்காத செவ்வெறும்பு. அது கூடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் விளிம்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு எறும்பு தன் கூட்டத்துப் புழு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்து, இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாற்றி மாற்றித் தொடும். புழு விடும் நூல் இலைகளை ஒட்டித் தைத்துவிடும். கீழே நின்று பார்க்கிறவருக்கு இது ரசனை. மேலே இரண்டு கையாலும் கிளையைப் பிடித்திருக்கும்போது கழுத்துப் பட்டைக்குள் இருபது முப்பது இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஏறியவர்தான் சொல்லவேண்டும். சாம்பலைத் தடவிக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு. முசுறுக் கூடு நிறைய இருந்தால் கூலியும் கொஞ்சம் ஏறும்.

கதண்டு என்ற குளவி இருந்தால் கூலிப் பேச்சே கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் அந்தப் பெயரைக் கேட்டாலே வேலையை நிறுத்திவிடுவார்கள். கூட்டமாகக் கொட்டினால் ஆள் பிழைப்பது கடினம். தீயணைப்புத் துறைக்குச் சொல்லி, இருட்டிய பிறகு கூட்டை அழித்தால்தான் மறுநாள் மரத்தில் கால் வைப்பார்கள். மலைத்தேனீயும் லேசுப்பட்டதில்லை. பெரிய மரத்தின் உயரமான கிளைக்கு அடியில் ஒற்றை அடையாகத் தொங்கும். மெஷின் சத்தமும் கிளையின் அதிர்வும் அதைக் கிளப்பிவிடும்.

அடுத்த கேள்வி, "எல்.சி. வாங்கியாச்சா?" மின்வாரியத்தில் லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தெருத்தெருவாகக் கிளை கழிக்கும் நாட்களில் ஒரு நாளைக்குப் பலமுறை காதில் விழும் சொல் இதுதான். எதிர்வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்துக் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து. லைனை நிறுத்திய பிறகும் ஏதோ ஒரு கடையில் ஓடும் ஜெனரேட்டர் சரியாகப் பிரித்து இணைக்கப்படாமல் இருந்தால், மின்சாரம் திரும்பிக் கம்பிக்கு ஏறலாம். அதனால்தான் மின்வாரிய ஊழியர்கள் நிறுத்தியதோடு விடாமல் கம்பியை எர்த் செய்துவிட்டு வேலை தொடங்குகிறார்கள். பச்சைக் கிளை, அதிலும் மழையில் நனைந்த கிளை, மின்சாரத்தைக் கடத்தும். இரும்புக் குழாயில் துறட்டி கட்டி மாங்காய் பறிக்கப் போய் உயிரைவிட்டவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் நாளிதழின் உள்பக்கத்தில் வருகிறது. மூங்கில் துறட்டியை இன்னும் விடாத கிழவர்களிடம் இதற்குக் காரணம் கேட்டால் சிரிப்பார்கள்.

மரத்துக்கு மரம் குணமும் மாறும். புளியங்கிளை வளையும், லேசில் முறியாது. முருங்கையில் ஏறவே கூடாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மடகாஸ்கரிலிருந்து வந்து நம் தெருக்களில் பூத்துக் குலுங்கும் குல்மோகர் பார்க்கத்தான் பெரியது, மரம் மெத்து. பட்டை உரிந்து தொங்குகிறதா, காளான் முளைத்திருக்கிறதா, மரங்கொத்தி துளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளையில் பாரம் வைப்பார்கள். காலையும் கிளையின் நடுவில் வைக்கமாட்டார்கள், கவட்டையை ஒட்டித்தான் வைப்பார்கள்.

கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பார்ப்பதும் உண்டு. கட்டியான சத்தம் வந்தால் உள்ளே மரம் இருக்கிறது. டொம்மென்று வந்தால் உள்ளே பொக்கை. மரப் பரிசோதகர்கள் உலகெங்கும் ரப்பர் சுத்தியலால் செய்வதும் இதையேதான். ஆனால் சத்தம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, குறிப்பாக மண்ணுக்கடியில் இருக்கும் வேரைப் பற்றி. மரங்களை முறை வைத்துச் சோதிக்கும் சிங்கப்பூரிலேயே, 2017 பிப்ரவரி 11 அன்று, தாவரவியல் பூங்காவில் 40 மீட்டர் உயர டெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. 270 ஆண்டுக்கு மேல் நின்ற மரம். அதன் அடியில் சிக்கி இறந்தவர் இந்தியாவைச் சேர்ந்த ஒரு பெண்.

வடக்கயிற்றின் கணக்கு

ஒரு குழுவில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கயிற்றில், இரண்டு பேர் கீழே விழுந்ததைக் கழித்து ஒதுக்க, ஒருவர் வண்டியோடு. "விடு", "பிடி", "லூசு விடு", "தாங்கு", "விலகு" என்ற இந்த ஐந்து சொல்லில் பெரும்பாலான வேலை நடந்துவிடும். மேலே இருப்பவரின் குரலுக்கு மட்டும்தான் கயிற்றுக்காரர் அசையவேண்டும் என்பது எழுதாத சட்டம். வேடிக்கை பார்க்கும் வீட்டுக்காரர் "விடுப்பா விடு" என்று நடுவில் குரல் கொடுத்ததால் கூரையில் இறங்கிய கிளைகளின் கதை எல்லாக் குழுவிடமும் உண்டு. மெஷின் ஓடும்போது எந்தக் குரலும் கேட்காது. அப்போது கை ஜாடைதான்.

பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் கனக்கும். ஓர் அடி தடிமனும் பத்தடி நீளமும் உள்ள துண்டு என்றால் 200 கிலோவுக்குக் குறையாது. ஓட்டு வீட்டுக்கு மேலே நிற்கும் அப்படியொரு துண்டை ஒல்லியான மனிதர் ஒருவர் கயிற்றைப் பிடித்து மெள்ள இறக்குவதைப் பார்க்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். ரகசியம் அடிமரத்தில் இருக்கிறது. கயிற்றை மேலே ஒரு கவட்டையில் போட்டுக் கீழே கொண்டுவந்து, அடிமரத்தை இரண்டு மூன்று சுற்று சுற்றிய பிறகே கையில் பிடிப்பார். எடையைத் தாங்குவது மரத்தோடு கயிறு உரசும் உராய்வு. இதற்கு 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் பெயரில் ஒரு சூத்திரமே உண்டு. உராய்வுக் கெழு 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய ஐந்து மடங்கு எடையைத் தாங்கும். இரண்டு சுற்று இருபது மடங்குக்கு மேல். 200 கிலோவைப் பிடித்து நிறுத்தப் பத்துக் கிலோ இழுவை போதும்.

மூன்றாவது சுற்று போட்டால் சில கிளைக்குக் கயிறு நகரவே நகராது. அதனால் எத்தனை சுற்று என்பது கிளையைப் பார்த்து, கயிற்றைப் பார்த்து, மரப்பட்டையின் சொரசொரப்பைப் பார்த்து முடிவாகும். புது ஆள் செய்யும் முதல் தப்பு, கயிற்றின் மிச்சத்தைக் கையில் சுருட்டிக்கொள்வது. எடை நழுவினால் கயிறு கையையும் சேர்த்து மரத்தோடு இழுத்துவிடும். "கையில சுத்தாதடா" என்ற அதட்டல் எந்த மரத்தடியிலும் ஒருமுறையாவது கேட்கும். கிளை கீழே வந்து வெடுக்கென்று நிற்கும்படி பிடிக்கக்கூடாது என்பது அடுத்த பாடம். ஓடவிட்டு ஓடவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். திடீரென்று நிறுத்தினால் கிளையின் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பு கயிற்றிலும் மேலிருக்கும் கவட்டையிலும் விழும். மேலே ஆள் நிற்பதும் அதே மரத்தில்தான்.

எங்கே வெட்டக்கூடாது

கிளை தண்டோடு சேருமிடத்தை உற்றுப் பார்த்தால் அடிப்பக்கம் கொஞ்சம் தடித்த வளையம் தெரியும். மேல்பக்கம் பட்டை சுருங்கிக் கருத்து ஒரு வரி ஓடும். சில மரத்தில் பளிச்சென்று இருக்கும், சில மரத்தில் தேடவேண்டும். வெட்டு இந்த வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டினாற்போல் விழவேண்டும். வளையத்தையும் சேர்த்துத் தண்டோடு வழுவழுவென்று சீவுவது பார்க்க அழகு, மரத்துக்குக் கேடு. ஒரு முழம் குச்சியை நீட்டி விட்டுவைப்பதும் கேடுதான். அந்த மொட்டை காய்ந்து உளுத்து, உள்ளே அழுகலுக்கு வழி விடும்.

இதற்குக் காரணத்தைக் காட்டியவர் அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ (1930–2006). செயின் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தவர் அவர். 1977இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட சிறு வெளியீடு மர வைத்தியத்தையே புரட்டிப் போட்டது. மனிதனின் காயம் ஆறும். மரத்தின் காயம் ஆறுவதில்லை. காயம்பட்ட திசு உள்ளே அப்படியே கிடக்க, மரம் அதைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. இருபது வருடத்துக்கு முன் பட்ட அரிவாள் வெட்டை இன்று பிளந்தாலும் பார்க்கலாம். அந்தத் தடுப்பை எழுப்புவதற்கான ஏற்பாடு நிறைந்திருக்கும் இடம்தான் கிளையடியில் உள்ள வளையம். அதைச் சீவிவிட்டால் அழுகல் தண்டுக்குள் இறங்குவது சுலபமாகிவிடுகிறது.

வெட்டிய இடத்தில் தார் பூசுவது, பெயிண்ட் அடிப்பது, சாணி அப்புவது எல்லாம் இந்த ஆராய்ச்சிக்குப் பிறகு மதிப்பிழந்தன. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே பூட்டிப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பதும் உண்டு. மாந்தோப்பில் தாமிரம் கலந்த போர்டோ பசை தடவுவது வேறு விஷயம். அது பூஞ்சைக்கொல்லி, அதற்குக் குறிப்பிட்ட நோய்க்கணக்கு இருக்கிறது. தெருவோர வேம்பின் வெட்டுவாயில் நீல பெயிண்ட் அடிப்பதால் வீட்டுக்காரரின் மனதுக்குத்தான் ஆறுதல்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், பாதி வெட்டும்போதே பாரம் தாங்காமல் முறிந்து, தண்டின் பட்டையை நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும். அதற்குத்தான் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுக்கவேண்டும். அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட வேண்டும். பாரம் போன பிறகு மிச்சமுள்ள முண்டை வளையத்தை ஒட்டி நிதானமாக அறுக்கவேண்டும். "அடிவெட்டு போட்டியா?" என்று கீழேயிருந்து கேட்கும் மேஸ்திரி ஷைகோவைப் படித்தவர் இல்லை. நார் உரிந்து கிளை தன் பக்கமே ஊஞ்சலாடி வந்ததை ஒருமுறை பார்த்தவர்.

மொட்டையடிப்பதற்கு வருவோம். இலைதான் மரத்துக்குச் சமையற்கட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால், சேமித்து வைத்ததையெல்லாம் செலவழித்து வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர் விடும். வீட்டுக்காரர் "பாத்தீங்களா, எப்படித் தழைச்சிருக்கு" என்பார். அந்தத் துளிர்கள் மேல்தோலை ஒட்டி முளைத்தவை. உள்மரத்தோடு ஆழமான பிடிப்பு கிடையாது. மூன்று நான்கு வருடத்தில் அவையே தொடைப் பருமனாகி, அடியில் முண்டம் அழுகிக்கொண்டிருக்க, அடுத்த புயலில் பிய்ந்து விழும். பயந்து மொட்டையடித்த வீட்டின் மேல்தான் அப்புறம் கிளை விழுகிறது. ஓர் ஆண்டில் கால்பங்குக்கு மேல் பச்சையை எடுக்காதே என்பது உலகமெங்கும் மரப் பராமரிப்பாளர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. முருங்கை விதிவிலக்கு, ஒடித்து ஒடித்து வளர்ப்பதற்கென்றே பிறந்த மரம் அது. காய்க்காகவும் கீரைக்காகவும் வளர்க்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோய் வேம்பிலும் பூவரசிலும் காட்டுவதுதான் வினை.

பல்லும் புழுவும்

செயின் ரம்பத்தை இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. "மெஷின்" என்றாலே அதுதான். அதன் பல்லுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் இடதும் வலதுமாக மாற்றி மாற்றிச் செதுக்கி, நாருக்குக் குறுக்கேயும் நெடுக்கேயும் தங்குதடையின்றிப் போவதைக் கண்டார். அதே அமைப்பில் இரும்பில் பல் செய்தார். அடுத்த ஆண்டே அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகத்து மெஷின்களில் ஓடும் செயின்கள் பெரும்பாலும் அந்தப் பல்லின் வாரிசுகள். நம்மூர் மாமரத்தைத் துளைத்துத் தூள் தள்ளும் தண்டுத்துளைப்பானின் புழுவும் அந்த இனத்துச் சொந்தக்காரன்தான். தோட்டக்காரர் திட்டும் பிராணியிடமிருந்து வந்த பாடம்.

பல் கூராக இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டுப் பார்க்க வேண்டாம், கீழே விழுவதைப் பார்த்தால் போதும். செதில் செதிலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது, நிறுத்தி அரம் போடவேண்டும். மழுங்கிய மெஷினை அழுத்தி அழுத்தி ஓட்டுகிறவர்தான் களைத்துப்போய் விபத்தில் மாட்டுகிறார். பெரும்பாலான புது மெஷின்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்பது கணக்கு. "கூட ஊத்தினா இன்ஜின் நல்லா இருக்கும்" என்று கைக்கு வந்தபடி ஊற்றினால் புகை கக்கி, பிளக் கருத்து, மரத்தின் மேல் பாதி வேலையில் நின்றுபோகும்.

செயின் சுற்றி ஓடும் பாரின் மூக்கு, அதிலும் மேல் கால்பகுதி, எதையும் தொடக்கூடாது. அந்த இடம் மரத்தில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டுகிறவரின் முகத்தை நோக்கி எகிறும். அதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்பு வைத்திருக்கிறார்கள். கை அதில் மோதினால் செயின் நின்றுவிடும். காப்பு உடைந்த மெஷினை அப்படியே ஓட்டுகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஒற்றைக் கையால் ஓட்டுவதும், தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் இதே வகைத் துணிச்சல். கைலி கட்டிக்கொண்டு மெஷின் பிடிக்காதே என்று மூத்தவர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. காற்றில் பறக்கும் துணியைச் செயின் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மெஷின்காரரின் தீராத வயிற்றெரிச்சல் ஆணி. ட்யூஷன் சென்டர், பைல்ஸ் சிகிச்சை, வாடகைக்கு வீடு என்று தெருவோர மரத்தில் அடித்த பலகையெல்லாம் போய்விடும். ஆணி மட்டும் உள்ளே நின்று அதன் மேல் மரம் வளர்ந்துவிடும். வெளியே அடையாளமே இருக்காது. ஓடுகிற செயின் ஆணியைத் தொட்டால் ஒரு பொறி பறக்கும், காலையில் தீட்டிய பல்லெல்லாம் போய்விடும். சாமில்காரரும் ரோட்டோர மரம் என்றால் ஆணிக்குப் பயந்து விலையைக் குறைப்பார்.

புயல் வந்தால் தெரியும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவையே பல வாரம் மூடிவைக்க வேண்டியிருந்தது. விழுந்த மரங்களை அறுத்து வழி விட்டவர்கள் சிலரின் பேச்சில் அப்போது திரும்பத் திரும்ப வந்தது வேர். பல மரங்களில் ஒரு பக்கத்து வேரே இல்லை.

மரத்தின் வேர் ஆழத்துக்குப் போகிறது என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. அகலத்தில் அது கிளை விரிப்பையும் தாண்டிப் போகும். மழைநீர்க் கால்வாய்க்கும் கேபிளுக்கும் தெருவோரம் மூன்றடி பள்ளம் தோண்டினால், மரத்தின் ஒரு பக்கத்துப் பிடிமானம் அத்தனையும் அறுபடும். இலை வாடாது, ஒன்றும் தெரியாது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் நாளில் தெரியும். மிச்சத்தைச் சிமென்ட் தளம் பார்த்துக்கொள்கிறது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர்கூட இல்லாமல் தண்டின் கழுத்துவரை சிமென்ட் பூசிய மரங்கள் நம் தெருக்களில் எத்தனை என்று நடந்துபோகிற யாரும் எண்ணிவிடலாம்.

ஆலமரத்துக்கு இன்னொரு கொடுமை. பேருந்து உரசுகிறது என்று தொங்கும் விழுதுகளை வருடந்தோறும் கத்தரித்துவிடுவார்கள். விழுதுதான் அதன் காப்பீடு. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் வீசிய புயலில் சாய்ந்தது. மரம் சாகவில்லை, மண்ணைத் தொட்டுத் தூணாகிவிட்ட விழுதுகள் இன்றும் அதைத் தாங்குகின்றன. ரோட்டோர ஆலமரத்துக்கு அந்த வாய்ப்பைக் கத்தரிக்கோல் பறித்துவிடுகிறது.

பறவைக் கூடு பார்க்காமல் அறுக்கும் அவசரமும் உண்டு. 2022 செப்டம்பர் தொடக்கத்தில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் வி.கே. படியில் தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தும் வேலைக்காக, கூடுகள் நிறைந்த மரம் ஒன்றைச் சாய்த்தார்கள். சாலையில் சிதறிச் செத்த குஞ்சுகளின் காணொளி நாடெங்கும் பரவியது. வனத்துறை வழக்குப் பதிவு செய்தது. வெள்ளை எச்சம் படிந்த மரம் என்றால் ஒரு மாதம் தள்ளிப் போடலாம். சாலை போடுகிறவரின் நாட்காட்டியில் அந்த மாதம் இருப்பதில்லை.

தென்னைக்கு வேறு சட்டம்

இதுவரை சொன்னது எதுவும் தென்னைக்குப் பொருந்தாது. தென்னையில் பட்டைக்கு அடியில் புதிய திசு வளர்க்கும் அடுக்கே கிடையாது. ஏறுவதற்கு வசதியாக அடிமரத்தில் படி வெட்டினால் அந்தப் படி மரம் சாகும்வரை அப்படியே இருக்கும், மூடவே மூடாது. படியில் தேங்கும் தண்ணீர், அதன் வழியாக அழுகல், அந்த வாசனைக்கு வரும் சிவப்புக் கூன்வண்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட அரிந்தாலும் அதே கூன்வண்டு வரும். வெட்டியே ஆகவேண்டுமானால் ஒரு மீட்டருக்கு மேல் காம்பை விட்டு வெட்டு என்பது வேளாண் துறையினர் சொல்லும் அறிவுரை. கொண்டையை அழகாக்குகிறேன் என்று பச்சை மட்டைகளைக் கழிப்பவர் அடுத்த வருடத்துக் குலையையும் சேர்த்தே கழிக்கிறார்.

ஏறுகிற ஆள் கிடைக்காமல் போனது தனிக்கதை. தளைநார் போட்டு ஏறும் வித்தையை அப்பனிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது நின்றுபோன காலத்தில், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய கால்மிதிக் கருவி பரவியது. இரும்புக் கம்பிவடத்தை மரத்தைச் சுற்றி மாட்டி, ஒரு கால் மாற்றி ஒரு கால் மிதித்து ஏறலாம். 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் ஆறு நாள் பயிற்சி தொடங்கியபோது பெண்களும் அந்தக் கருவியோடு ஏறினார்கள்.

கூலி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். மரம் வெட்டும் வேலைக்குத் தனியாக ஒரு தொகை எழுதப்பட்ட அபூர்வமான அரசு அறிவிப்பு அது. மெஷின் வைத்திருந்தவர்களுக்கு அன்று இருந்த கிராக்கியில் அந்த 500 ரூபாயில் எத்தனை தோப்பில் வேலை முடிந்திருக்கும் என்பதை டெல்டாவில் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

சட்டங்கள் வெட்ட அனுமதி வாங்குவதைப் பற்றிப் பேசுகின்றன. 2021இல் தமிழக அரசு மாவட்டப் பசுமைக் குழுக்களை அமைத்தது; பொது இடத்து மரத்தை வெட்ட அவற்றின் ஒப்புதல் வேண்டும். அதே ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டும் நல்லவை. எப்படிக் கழிப்பது, யார் கழிப்பது, கழிப்பவருக்கு என்ன தகுதி என்பதைப் பற்றி வீட்டுக்காரரும் மேஸ்திரியும் பேசிக்கொள்வதோடு சரி.

அந்தப் பேச்சை மாற்றுவது கடினமில்லை. விறகைக் கூலியிலிருந்து பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆளுக்கு இவ்வளவு நாள்கூலி, மெஷினுக்கு இவ்வளவு, விறகுக்கு டன் கணக்கில் தனி விலை என்று பேசலாம். கிளையைக் குறைத்து வெட்டினால் நட்டம் என்ற நிலை அப்போது இருக்காது. எந்தக் கிளை போகவேண்டும் என்பதைக் கீழே நின்று கை காட்டாமல், ஏறுகிறவரிடம் அவர் ஏறுமுன்பே ஒவ்வொன்றாகக் கேட்டு முடிவு செய்யலாம். ஐப்பசி மழை பிறந்த பிறகு அவசரமாக ஆள் தேடினால் எல்லாக் குழுவும் வேறு எங்கோ இருக்கும், கூலியும் இரட்டிப்பாகும். ஆவணியிலேயே சொல்லிவைத்தால் நிதானமாக வந்து பார்ப்பார்கள்.

ஏறியவர் விழுந்தால் என்ன என்பது மட்டும் இந்தப் பேச்சில் வருவதேயில்லை. தென்னை வளர்ச்சி வாரியம் தென்னை ஏறுகிறவர்களுக்காக 'கேரா சுரக்‌ஷா' என்ற விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. பிரீமியத்தில் ஒரு பங்கை வாரியம் கட்டும், மிச்சத்தைத் தொழிலாளி கட்டவேண்டும். தென்னையில் நீரா என்ற பதநீர் இறக்குபவர்களும் சேரலாம். தமிழ்நாட்டில் பனை ஏறுகிறவர்களுக்கென்று ஒரு நலவாரியம் இருக்கிறது. தெருவோர வேம்பில் மெஷினோடு ஏறி உங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் கிளை கழிப்பவர் பனையும் ஏறுவதில்லை, தேங்காயும் பறிப்பதில்லை. அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மேஸ்திரி தன் பையிலிருந்து ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுப்பார். அது அடுத்த மாதக் கூலியில் கழிந்துவிடும்.